மீதியை நூலில் காண்க!

"படத்தைத்தான் பார்த்தாயிற்றே, இனிப் புத்தகம் எதற்கு?"

கம்பத்துக் கடைவீதியில், குவளையிலே தேநீர் ஆறுமுன்பே இந்தத் தீர்ப்பை வழங்கிவிடுகிறார்கள் நம் நண்பர்கள். எதிர்த்திசையிலிருந்து வேறொரு குரல் கேட்கிறது. அது ஏடுகளை அடுக்கி வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் புலவர் பெருமக்களின் குரல். "படத்தைப் பார்த்து எழுதுவது நாவலா? பிறர் உண்டு எறிந்த இலையை எடுத்து வைத்து விருந்து என்பதா?" என்று அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பார்த்தவர் வேண்டாம் என்கிறார், படித்தவர் கூடாது என்கிறார். காரணம்தான் வேறு, தீர்ப்பு ஒன்றே! அந்தத் தீர்ப்பின் மீது மேல்முறையீடு செய்யவே இந்தக் கட்டுரை. வழக்கு எல்லாப் படங்களையும் பற்றியதன்று. விஞ்ஞானக் கதைப் படங்களைப் பற்றியது.

நம் பாட்டன்மார் காலத்திலே கொட்டகை வாயிலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அதிலே கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி கயவர் கையில் சிக்கினாள், கதாநாயகன் சிறையில் வாடினான் என்று சொல்லிக்கொண்டே போய், சுவையான கட்டத்தில் கயிற்றை அறுத்துவிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிப்பார்கள். காசு பண்ணும் தந்திரம்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அதிலே ஒரு நேர்மை இருந்தது. தாள் தன்னால் ஆகாததைத் தாளே ஒப்புக்கொண்டது. திரை மட்டும், தன்னால் ஆகாதது ஒன்று உண்டு என்று இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை!

ஆகாதது என்ன? அண்ணன் தங்கையைப் பிரிந்தான் என்று காட்டினால் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. நம் தெருவிலே நடப்பது. பண்ணையார் கொடுமை செய்தார் என்றால் அதற்கும் வேண்டியதில்லை. நம் முதுகே சாட்சி சொல்லும். ஆனால், வேற்றுக் கிரகத்திலிருந்து ஒருவன் வந்தான், இயந்திரம் ஒன்று சிந்தித்தது, மனிதன் அணுவளவாகச் சுருங்கினான் என்று காட்டும்போது, பார்ப்பவன் உள்ளத்திலே இரண்டு கேள்விகள் எழவேண்டும்: ஏன்? எப்படி? இரண்டரை மணி நேரத்தில், ஆறு பாட்டுக்கும் நான்கு சண்டைக்கும் நடுவிலே, அந்தக் கேள்விகளுக்கு இடம் ஏது? இடமில்லாத கேள்வி செத்துப்போகிறது. கேள்வி செத்த இடத்தில் எஞ்சுவது விஞ்ஞானமன்று, பழைய மாயாஜாலம்! மந்திரக் கம்பளம் போய் ராக்கெட் வந்திருக்கிறது, மந்திரவாதி போய் வெள்ளை அங்கி அணிந்தவர் வந்திருக்கிறார்; வாயைப் பிளந்து வியக்கும் நாம் மட்டும் அப்படியே இருக்கிறோம்.

பழங்கதையிலிருந்தே தொடங்குவோம். 1961 ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் வானத்தைச் சுற்றி வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1963இல், தமிழ்த்திரை வேற்றுக் கிரகத்துக்குப் போய்விட்டது! ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி'யைச் சொல்லுகிறேன். விஞ்ஞானத்தில் நம்மைவிட முன்னேறிய ஒரு கிரகத்தாருக்கு இசைக்கலை இல்லை. ஆகவே இங்கு வந்து ஒரு பாடகியைத் தூக்கிச் செல்கிறார்கள். அவளைக் காதலித்த உழவன் அங்கே போய் அவளை மீட்கிறான். இந்தியத் திரையிலேயே இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று இப்படம். அதன் அட்டைக் கிரகத்தைக் கண்டு இன்று சிரிப்பவர் சிரிக்கட்டும், நான் சிரிக்கமாட்டேன். அந்தக் கருவைக் கவனியுங்கள், தோழர்களே! எல்லாம் அறிந்த ஒரு சமுதாயம் பாட்டை இழந்து நிற்கிறது. எப்படி இழந்தது? யாரேனும் தடுத்தார்களா? பயனற்றது என்று தாங்களே தூக்கி எறிந்தார்களா? பாட்டில்லாத ஊரிலே தாய் குழந்தையை எப்படித் தூங்க வைத்தாள்? தூக்கிவந்த பாடகியின் குரலை முதன்முதலாகக் கேட்டபோது அவ்வூர்க் கிழவர்களுக்கு என்ன ஆயிற்று? ஒரு நாவலாசிரியனுக்கு நூறு பக்கம் எழுதப் போதுமான செல்வம் இந்த ஒரு கருவில் புதைந்து கிடக்கிறது. படம் அதன் மீது காலை வைத்துத் தாண்டிச் சென்றது. காதலர் பிரிவும் கத்திச் சண்டையும் அதை அழைத்துக்கொண்டு போய்விட்டன.

பழங்கதையில் குறை சொல்வது எளிது, புதுக்கதையைப் பார்க்கவேண்டாமா என்பீர்கள். பார்ப்போம். 2018 நவம்பரில் '2.0' வந்தது. கோடிகள் கொட்டப்பட்டன, முப்பரிமாணம் கண்ணைப் பறித்தது. கதை என்ன? கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மாள்வதாக நம்பிய பறவையியல் அறிஞர் ஒருவர், யாரும் செவிசாய்க்காததால் தூக்கிட்டு மாள்கிறார். அவருடைய 'ஆரா', இறந்த பறவைகளின் 'ஆரா'வோடு கூடி, ஊரிலுள்ள கைப்பேசிகளையெல்லாம் பறக்கச் செய்து பழிவாங்குகிறது. தமிழிலே இதற்கு ஒரு சொல் நெடுங்காலமாக உண்டு. பேய்! முருங்கை மரத்திலே இருந்ததைக் கோபுரத்தின் உச்சியிலே ஏற்றி, ஒளித்துகள் என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டால், பேய் பௌதிகம் ஆகிவிடுமா? கைப்பேசிக் கதிர்வீச்சுதான் பறவைகளைக் கொன்றது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதைப் படம் கேள்வியாக வைக்கவில்லை, தீர்ப்பாக வைத்தது. பறவை குறைவதற்கு வயலில் தெளிக்கும் நஞ்சு, வெட்டுண்ட மரம், மூடப்பட்ட குளம் என்று எத்தனையோ காரணங்களை ஆய்வாளர்கள் எடுத்துரைக்கிறார்கள். திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கும் நம் பள்ளத்தாக்கு உழவனைக் கேட்டாலும் ஒன்றிரண்டைச் சொல்வான்!

"பொழுதுபோக்குப் படத்தில் போய் இதையெல்லாம் தேடலாமா?" என்பார் உண்டு. தேடலாம், தேடியும் இருக்கிறார்கள். எங்கே தேடினார்கள், எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லுகிறேன்.

1966இல் அமெரிக்காவில் 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' என்றொரு படம். மூளையில் இரத்தம் உறைந்து கிடக்கும் விஞ்ஞானி ஒருவரைக் காப்பாற்ற, நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை ஆட்களோடு சேர்த்துக் கண்ணுக்குத் தெரியாத அளவு சுருக்கி, அவருடைய குருதிக் குழாயில் செலுத்துகிறார்கள். ஒரு மணி நேரம்தான் கெடு. அதற்குப் பின் பழைய அளவுக்கு விரிந்துவிடும். முடிவில் கயவனையும் கப்பலையும் ஒரு வெள்ளணு விழுங்கிவிடுகிறது. மற்றவர்கள் கண்ணீர் வழியே தப்பி வெளிவருகிறார்கள். கொட்டகை கை தட்டுகிறது. யாராவது ஒருவர் கை தட்டுவதை நிறுத்திவிட்டு, "ஐயா, அந்தக் கப்பல் உள்ளேயேதானே கிடக்கிறது! கெடு முடிந்ததும் விரியாதா? நோயாளியின் தலை என்னவாகும்?" என்று கேட்டால்?

கேட்டவர் ஐசக் அசிமோவ், உயிர்வேதியியல் கற்றுக் கற்பித்த எழுத்தாளர். அப்படத்தின் திரைக்கதையை நாவலாக்கும் வேலை அவரிடம் வந்தது. கூலிக்கு எழுதுபவராக இருந்தால், கொடுத்ததை எழுதிக் காசை வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை. கப்பலை விழுங்கிய அந்த வெள்ளணுவைத் தம் பாத்திரங்களின் பின்னாலேயே துரத்தி வரச்செய்து, கண்ணின் வழியே உடலுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார். அத்தோடு விட்டாரா? அவ்வளவு சிறிய மனிதன் மூச்சு விட்டால் காற்றின் மூலக்கூறு அவனுக்கு எவ்வளவு பெரிதாகும், ஒளி அவன் கண்ணுக்கு எப்படிப்படும் என்றெல்லாம் எண்ணிப் பார்த்தார். படம் திரைக்கு வருமுன்பே நூல் கடைக்கு வந்துவிட்டது. நூலைப் பார்த்துத்தான் படம் எடுத்தார்கள் என்று உலகம் தவறாக எண்ணும் அளவுக்கு அது நிலைத்தது. எச்சில் இலை என்றீர்களே, புலவர் பெருமக்களே! இலையில் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்தவன் எழுத்தாளன் அல்லவா?

ஓட்டையை அடைப்பது ஒரு பணிதான், ஆனால் சிறிய பணி. ஆழம் தோண்டுவது என்றால் என்ன என்பதற்கு நம் அண்டை நாட்டிலிருந்தே சான்று தருகிறேன். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச்சில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தவர் ஆர்தர் சி. கிளார்க். ஸ்டான்லி கூப்ரிக் என்ற இயக்குநருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' 1968இல் வந்தது; முதலில் ஏப்ரலில் படம், சில மாதங்களில் நாவல். இரண்டும் ஒரே காலத்தில், ஒன்றையொன்று திருத்திக்கொண்டு வளர்ந்தவை. ஆகவே, படம் முடிந்தபின் கூலிக்குப் பிழிந்தெடுத்த நாவல் என்று அதைச் சொல்லமுடியாது. ஒரே வயிற்றில் பிறந்த இரட்டையர் என்பதே பொருந்தும். ஆனால் இரட்டையரிலும் முகம் வேறு. படத்தில் கப்பல் வியாழனுக்குப் போகிறது, நாவலில் சனிக்குப் போகிறது. சனியின் வளையங்களை நம்பும்படி படம்பிடிக்கத் தந்திரக்காட்சிக் கலைஞர்களால் இயலவில்லை. கிளார்க்குக்கு வேண்டியதெல்லாம் மையும் தாளும்! கோடி பொன்னால் கட்டமுடியாத வளையத்தை ஒரு பத்தியில் கட்டினார்.

படத்தின் தொடக்கத்தில் குரங்கு மனிதர்கள். ஒரு கருங்கற்பலகை அவர்கள் முன் தோன்றுகிறது. அதன்பின் ஒருவன் எலும்பை எடுத்து ஆயுதமாக்குகிறான். காட்சி கண்ணைவிட்டு அகலாது, ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் அந்தக் குரங்கு மனிதனின் வயிறு நமக்குத் தெரிந்ததா? நாவலில் தெரிகிறது. அங்கே அவனுக்கு ஒரு பெயர் உண்டு. தமிழில் சொன்னால் 'நிலா நோக்கி'. நெடுங்கால வறட்சி. கூட்டமே பட்டினியால் அழிந்துகொண்டிருக்கிறது. இரவிலே முதியவன் ஒருவன் மாண்டு கிடக்கிறான். அவன்தான் தன்னைப் பெற்றவன் என்பதுகூட நிலா நோக்கிக்குத் தெரியாது. தந்தை என்ற எண்ணமே இன்னும் பிறக்காத காலம்! சுற்றிலும் விலங்குகள் மேய்ந்துகொண்டிருக்க, அவை உணவு என்பது தெரியாமல் சாகிறது ஒரு கூட்டம். தோழர்களே, இதைப் படித்தபின் அந்த எலும்பு தூக்கும் காட்சியை மறுபடி பாருங்கள். முன்பு விந்தையாய்த் தெரிந்தது இப்போது பசியாய்த் தெரியும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்காகப் பொழுது புலருமுன் ஜீப்பிலே நெருக்கியடித்துக் கம்பம் மெட்டு ஏறும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு, பசியிலிருந்து கருவி பிறந்த கதை புரியாதா? நமக்குத்தான் முதலில் புரியும்!

அதே படத்தில் ஹால் என்று ஒரு கணிப்பொறி. பேசும், பாடும், சதுரங்கம் ஆடும். திடீரென்று கப்பலில் உள்ளவர்களைக் கொல்லத் தொடங்குகிறது. ஏன் என்பதைப் படம் குறிப்பாக மட்டும் உணர்த்தி நகர்கிறது. பார்த்தவர் பலர் கொண்டுவந்த பாடம் என்ன? "இயந்திரத்தை நம்பாதே, அது ஒருநாள் எசமானைக் கொல்லும்!" ஆண்டவன் கட்டளையை மீறிய அசுரன் கதைதான் மறுபடியும். நாவலைத் திறந்தால் வேறு உண்மை கிடைக்கிறது. பிழையின்றி உண்மையைச் சொல்லும்படி அந்த இயந்திரம் ஆக்கப்பட்டிருக்கிறது. பிறகு, பயணத்தின் மெய்யான நோக்கத்தை உடன்வருபவர்களிடமிருந்து மறைக்கும்படி அதற்குக் கட்டளை வருகிறது. உண்மைக்கும் கட்டளைக்கும் இடையே அகப்பட்டு அதன் அறிவு பிளந்துபோகிறது. பொய்யைப் பிறப்பித்தவன் யார்? மேலிடத்தில் அமர்ந்து, "மக்களுக்கு இது தெரியவேண்டாம்" என்று முடிவு கட்டிய மனிதன்! பழி யார்மேல் என்பதே மாறிவிடுகிறது. படத்திலே அசுரனாய்த் தெரிந்தது, நூலிலே பொய்யுரைக்கப் பணிக்கப்பட்ட பணியாளாய்த் தெரிகிறது. செயற்கை நுண்ணறிவு எங்கள் வேலையைத் தின்னும், எங்களையே தின்னும் என்று இன்று அலறுகிறவர்கள், இயந்திரத்தை விட்டுவிட்டு அதற்குக் கட்டளையிடும் கைகளைப் பார்க்கவேண்டாமா?

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பு. "கூப்ரிக் வாய்மூடி நின்றதே கலை. கிளார்க் விளக்கம் சொல்லிச் சொல்லி மர்மத்தைக் கெடுத்துவிட்டார்" என்பார்கள். பாதி உண்மை. அந்தப் படத்தின் மௌனத்துக்கு ஈடாக எந்த அத்தியாயமும் நிற்காது; விண்கலங்கள் இசைக்கேற்ப மிதக்கும் காட்சியை எழுத்தால் எழுப்பமுடியாது. நாவலின் சில பக்கங்கள் பள்ளிப் பாடம்போல் வறண்டு கிடக்கின்றன என்பதையும் மறைக்கமாட்டேன். ஆனால் மௌனத்திலும் இரண்டு சாதி உண்டு (இந்தச் சாதிப் பிரிவை மட்டும் நான் ஏற்கிறேன்!). எண்ணி எண்ணி, விடையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் நிற்பது ஒன்று. எண்ணவே இல்லை, ஆகவே சொல்வதற்கு ஏதுமில்லை என்பது மற்றொன்று. கூப்ரிக்கின் மௌனத்துக்குப் பின்னால் கிளார்க்கின் தாள்கள் அடுக்கடுக்காய் இருந்தன. கைப்பேசிப் பேயின் மௌனத்துக்குப் பின்னால் என்ன இருந்தது?

தமிழில் முயற்சியே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். 1986இல் வந்த 'விக்ரம்' படம் உருவாகிக்கொண்டிருந்தபோதே, அதன் கதையைச் சுஜாதா 'குமுதம்' இதழில் தொடராக எழுதிவந்தார். திருடப்பட்ட ஏவுகணையும் கணிப்பொறியும் தமிழ்நாட்டு வீட்டுத் திண்ணைக்கு வாரந்தோறும் வந்தன. எண்ணிப் பாருங்கள், அன்று எத்தனை பேர் கணிப்பொறியைக் கண்ணால் கண்டிருப்பார்கள்? வார இதழின் வேகம் அதிலே உண்டு. நிதானித்து ஆழ்ந்த நூல் அது என்று நான் புகழமாட்டேன். அவரே எழுதிய 'என் இனிய இயந்திரா'வை அதனருகில் வைத்துப் பாருங்கள். அது நேர்வழி நாவலாய்த் தொடங்கிப் பின்பு தொலைக்காட்சிக்குப் போனது. அங்கே நாடே நடுங்கி வணங்கும் சர்வாதிகாரி, முடிவில் வெறும் ஒளிவடிவம் என்று தெரியவருகிறது. ஆளே இல்லாத ஆளுக்குத்தான் அத்தனை கும்பிடும்! அந்த உண்மை வாசகனுக்குள் இறங்க, அதற்கு முன்னால் அத்தனை அத்தியாயங்கள் அவன் அந்த நாட்டில் பயந்து பயந்து குடியிருக்கவேண்டும். அப்படிக் குடியிருக்க இடம் தருவது தாள்தான்.

இயக்கத்தார் இதை அறியாதவர்கள் அல்லர். 'பராசக்தி' 1952இல் வந்தபோது வசனம் கொட்டகையோடு நின்றுவிடவில்லை. புத்தகமாயிற்று, இசைத்தட்டாயிற்று, ஊர்தோறும் இளைஞர் நாவிலேறிற்று. அண்ணாவின் 'ரங்கோன் ராதா' நாவலாய் இருந்து 1956இல் படமாயிற்று. பெரியாரின் 'இனிவரும் உலகம்' என்ற சிறு நூல் 1940களில், கம்பியில்லாமல் ஆளோடு ஆள் பேசும் காலத்தையும், கருவுறுதல் விஞ்ஞானத்தின் கைக்கு வரும் காலத்தையும் கூறியது. அதற்கு ஸ்டூடியோவும் வேண்டியிருக்கவில்லை, தந்திரக்காட்சியும் வேண்டியிருக்கவில்லை. அந்த மரபுக்கு உரியவர்கள், விஞ்ஞானப் படம் வந்தால் மட்டும் கட்டவுட்டுக்கு மாலை போட்டுவிட்டு வீடு திரும்புவதா?

"இதெல்லாம் சென்னையிலும் அமெரிக்காவிலும் நடப்பது, கம்பத்துக்கு என்ன வந்தது?" என்று கேட்கிறீர்களா? கம்பத்துக்குத்தான் மிகுதியாக வந்திருக்கிறது! மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய பெரியாற்று நீரை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895இல் நம் பள்ளத்தாக்கில் பாயவிட்டார்கள். ஆற்றின் திசையையே மாற்றியது எவன் மந்திரமும் அன்று, கணக்கும் கந்தகப்பொடியும் கூலியாட்களின் தோளும். காட்டுக் காய்ச்சலில் அங்கே மாண்டவர்கள் பலர். இன்று பென்னி குயிக் பெயரால் பொங்கல் வைக்கிறோம். நன்றியுணர்ச்சி, குறை சொல்லமாட்டேன். ஆனால் படத்துக்குச் சூடம் காட்டும் கையை நிறுத்தி, "நீர் எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டத்துக்கு இறங்குகிறது? சுரங்கவழி ஏன் அந்த இடத்தில் குடையப்பட்டது?" என்று கேட்டால், எத்தனை பேர் விடை சொல்வோம்? வியப்பு வழிபாடாக மாறுவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை. கேள்வி இல்லாமல் இருந்தால் போதும்.

பிறகு பொட்டிப்புரம். போடி மேற்கு மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலைக்கு என்னாகும், நீருக்கு என்னாகும் என்று மக்கள் கேட்டார்கள், போராடினார்கள். 2022இல், இசைவு தர இயலாது என்று தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. மலையையும் நீரையும் பற்றிக் கேட்டது நேர்மையான கேள்வி, கேட்கவேண்டிய கேள்வி. அதனோடு கூடவே, நியூட்ரினோ என்பது வெடிக்கும், கதிர்வீசிக் கொல்லும் என்ற கதையும் ஊர் ஊராய் நடந்தது. ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன. கதிரவனிலிருந்து வருகின்றன, நம்மைத் தொட்டதே இல்லை என்பதுபோலப் போகின்றன. மற்றக் கதிர்களை வடிகட்டத்தான் மலை வேண்டியிருந்தது. இதை எளிய தமிழில் உட்கார்ந்து விளக்கியவர் சிலரே. இனி ஒரு படமுதலாளி இதைக் கதையாக்கினால் என்ன காட்டுவார்? மலை வெடிக்கும், கதாநாயகன் பறப்பான், விஞ்ஞானி பேய்ச்சிரிப்புச் சிரிப்பான். நாவலாசிரியன் ஒருவன் அதே கதையை எடுத்துக்கொண்டால், நிலத்தடி நீரை நம்பிப் பந்தல் போட்ட உழவனின் அச்சத்தையும், வாழ்நாள் முழுதும் ஒரு துகளைத் தேடிய ஆராய்ச்சியாளரின் ஏக்கத்தையும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்காரவைப்பான். இருவரில் எவரையும் மூடனாக்காமல் எழுத அவனுக்கு முந்நூறு பக்கம் இருக்கிறது.

ஆகவே படமுதலாளிகளிடமும் பதிப்பாளர்களிடமும் நாம் கேட்பது இதுதான். 'இன்று நேற்று நாளை' 2015இல் வந்தது, '24' 2016இல், 'டிக் டிக் டிக்' 2018இல், 'மாநாடு' 2021இல், 'அயலான்' 2024இல். காலப்பயணம், விண்கல், வேற்றுக் கிரகத்தான் என்று கரு ஏராளம். இவற்றில் எத்தனைக்கு, விஞ்ஞானம் தெரிந்த ஒரு தமிழ் எழுத்தாளனை அழைத்து, "இந்தா திரைக்கதை, ஓட்டைகளை அடைத்து, ஆழம் தோண்டி நாவலாக்கு, ஊதியம் இவ்வளவு" என்றீர்கள்? விளம்பரப் பதாகைக்குச் செலவிட்டதில் ஒரு துளி போதுமே!

அவர்கள் தரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கம்பத்திலும் கூடலூரிலும் உத்தமபாளையத்திலும் படிப்பகம் நடத்தும் தோழர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்யலாம். 'கலை அரசி'யைத் திரையிட்டு, முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஆளுக்கு இரண்டு தாள் கொடுங்கள். அந்தக் கிரகத்தார் பாட்டை எப்படி இழந்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். முதலில் பத்துப் பேர் எழுதுவார்கள். எட்டு, குப்பையாய் இருக்கும். மீதி இரண்டை இந்த இதழுக்கு அனுப்பி வையுங்கள்.